ஊதுகுழலும் ஒட்சிசனும்

பலாங்கொடையில் மாணிக்கக்கல் சுடும் நானா, குழலை வாயில் வைத்தால் பேச்சை நிறுத்திவிடுவார். கன்னம் உப்பியபடியே இருக்கும். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, சிரட்டைக்கரிக்குள் காற்றை அறாமல் ஊதுவார். கரிக்கு நடுவே சுண்ணாம்பு பூசிய கல் கிடக்கும். சிவப்புக் கல்தான், உள்ளே நீலம் ஓடியிருப்பதால் ஊதாவாகத் தெரிகிறது. அந்த நீலத்தை எடுப்பதுதான் வேலை.

"நெருப்ப யாரும் மூட்டலாம் தம்பி. காத்துக் குடுக்கிறதுதான் தொழில்" என்றார் குழலை எடுத்ததும். வாப்பாவிடம் படித்த தொழிலாம்.

மாணிக்கமும் நீலக்கல்லும் அடிப்படையில் அலுமினியம் ஒட்சைட்டுதான். துளி குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். ஊதும் காற்றின் ஒட்சிசன் இரும்பின் நிலையை மாற்றிவிட, நீலம் கலைந்து சிவப்புத் தெளிகிறது. மாணிக்கம் சுடுவதைப் பற்றி 11ஆம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி எழுதியிருக்கிறார்.

கெவுடா என்ற கல்லுக்கு நேர்மாறான வேலை. பால்போல் மங்கிய அந்தக் கல்லுக்கு இங்கே பெரிய மதிப்பிருக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக வாங்கிப்போய், ஒட்சிசனைக் குறைத்து, 1500 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டு நீலக்கல்லாக விற்றார்கள். பிறகுதான் இங்கும் கேஸ் உலைகள் பரவின. நானாவின் மகனுக்கு அதில்தான் வேலை.

ஒட்சைட்டுக்கு ஒட்சிசனை ஊட்டுவதா, பறிப்பதா? இலிதியம்-ஒட்சிசன் மின்கலம் செய்வோரும் இதே கேள்வியோடுதான் உலை முன் நிற்கிறார்கள். கேரளத்தில் பிறந்த கே.எம். ஆப்ரஹாம், ஜியாங் என்பவரோடு சேர்ந்து, மீள மின்னேற்றக்கூடிய அந்தக் கலத்தை அமெரிக்காவில் 1996இல் அறிவித்தார். கரிக் கதோட்டில் கோபால்ட் சேர்மம் ஒன்றை ஊக்கியாகக் கலந்திருந்தார்கள். கலம் மின்சாரம் தரும்போது இலிதியமும் ஒட்சிசனும் கூடி, கதோட்டின் துளைகளில் இலிதியம் பரவொட்சைட்டாகப் படிகின்றன. அடுப்புச் சாம்பலைப் போல அதை அகற்றினால்தான் அடுத்த சுற்று. மின்னேற்றி அதை அகற்றக் கணக்குப்படி 2.96 வோல்ட் போதும். நடைமுறையில் 4 வோல்ட்டையும் தாண்டிவிடும். அந்த மிகையான மின்னழுத்தத்தில் கரிக் கதோட்டே அரிபடுகிறது. அதைக் குறைக்கத்தான் மங்கனீசு, கோபால்ட், ருதேனியம் ஒட்சைட்டுகளை ஊக்கியாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள். வெவ்வேறு வாயுக்களில் சுட்டு, பளிங்கின் சில இடங்களில் ஒட்சிசனை வெளியேற்றினால் ஊக்கியின் வேகம் கூடுவதுண்டு.

ஆய்வுகூடத்தில் வெப்பம், வாயுவின் ஓட்டம், நேரம் எல்லாம் குறிப்பில் ஏறும். கெட்டுப்போன மாதிரியும் ஏறும். நானாவுக்குக் கரியின் நிறமே அளவு. வெடித்த கற்களைப் பற்றிக் கேட்டேன், சிரித்து மழுப்பினார். வெளியே சொன்னால் அடுத்த கல் வராது. மகனுக்காவது சொல்லியிருக்கிறீர்களா என்றேன்.

"அவனும் ஒடச்சுப் பழகட்டுமே."

அவன் உடைக்கப்போவது யாரோ கடன்பட்டு வாங்கிய கல்லாக இருக்கும். எந்தக் கல் எந்தச் சூட்டில் போனது என்று எழுதிவைக்க ஒரு கொப்பி போதும். அதில் கல் தந்தவரின் பெயர்கூடத் தேவையில்லை.