பசை வாடை

மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. அந்த வாடை எங்கே வந்தாலும் எனக்குப் பல்கலைக்கழக வாசலில் இருந்த பைண்டிங் கடைதான். நேற்று நூலகத்தில் ஒருவர் கிழிந்த புத்தகம் ஒட்டிக்கொண்டிருந்தார். நின்றுவிட்டேன்.

2010இல் ஐந்து பேர் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தோம். யுஜிசியின் 2009 விதிகள் வந்த புதிது. எங்கள் சீனியர்களுக்கு இல்லாத கோர்ஸ் ஒர்க்கை முணுமுணுத்துக்கொண்டே முடித்தோம். மூன்று பேர் ஆய்வேடு கொடுத்தோம். ஒருத்தி எட்டே மாதத்தில் வங்கி வேலைக்குப் போனாள். அதில் யாருக்கும் வருத்தமில்லை, அவளுக்கும்.

மிச்சம் அவன். குமரி மாவட்டம், பனையேறி மகன். அப்பாவிடமும் அக்கம்பக்கத்திலும் கேட்ட தொழிற்சொற்களை அட்டைகளில் எழுதி, செருப்புப் பெட்டிகளில் அடுக்கியிருந்தான். அக்கானி, கூப்பனி, முருக்குத்தடி, அருவாப்பெட்டி. ராத்திரி ஹாஸ்டலில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக் காட்டுவான். அக்கானியைப் பதநீர் என்று நான் சொன்னால் முகம் சுளிப்பான்.

நெறியாளர் ஓய்வு பெற்றார். புதியவர், சொல் பொறுக்குவதெல்லாம் ஆய்வா என்றார். இவன் கௌரவ விரிவுரையாளர் வேலைக்குப் போனான். மே மாதச் சம்பளம் கிடையாது. கால நீட்டிப்பு, அபராதக் கட்டணம், மறுபடி நீட்டிப்பு. கடைசியில் பதிவேட்டில் ‘ரத்து’. எட்டுப் பெட்டிக்கு மூன்றெழுத்து.

நான் மட்டும் என்ன கிழித்தேன்? ஏடு கொடுக்குமுன் ஒரு கட்டுரை அச்சாகியிருக்க வேண்டும் என்றார்கள். காசு கொடுத்து அச்சேற்றினேன். அந்த இதழை இன்றும் வெளியே எடுக்கக் கூசுகிறது. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் போய்விட்டது, கூடவே எம்.ஃபிலும். இப்போதைய பிள்ளைகளுக்குப் பயம் வேறு. 2018 விதிப்படி 10 சதவீதம் வரை பிறர் எழுத்தோடு ஒத்துப்போகலாம். 60ஐத் தாண்டினால் பதிவே போய்விடும். அவனுடைய அட்டைகளை ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் ஓட்டியிருந்தால் எதோடு ஒத்துப்போயிருக்கும்? என் ஏடு சோத்கங்கா என்னும் இணைய ஆய்வேட்டுத் தொகுப்பில் இயல் இயலாகக் கிடக்கிறது. நன்றியுரையில் அவன் பெயர் உண்டு. தேடினால் அவன் அங்கே மட்டும்தான் அகப்படுவான்.

நூலகத்திலிருந்து வெளியே வந்ததும் போன் போட்டேன். பசை வாடையைச் சொன்னேன். சிரித்தான்.

“மக்கா, அந்த பைண்டர்ட்ட அஞ்சு காப்பிக்கு நூறு ரூவா அட்வான்ஸ் குடுத்தேம்லா. கடை இருந்தா வாங்கி வை.”

கடை ஜெராக்ஸ் கடையாகி வருஷமாகிறது. வாங்கி வைக்கிறேன் என்றேன்.