ரெண்டே சொட்டு!

மார்ச் வந்தால் கணக்கு முடியும், தூக்கமும் முடியும் சார்! ஆபீஸ் நண்பன் ஒரு குட்டி பாட்டிலைக் கையில் திணித்தான். "சி.பி.டி. ஆயில். நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு. குழந்தை மாதிரி தூங்குவே!" விலையைக் கேட்டதும் மிச்சமிருந்த தூக்கமும் போயிற்று.

வில்லியனூர் வீட்டில் அம்மா லேபிளைப் பார்த்து அலறினாள். "டேய், இது கஞ்சா இலையில்ல?"

"போதை தர்றது டி.எச்.சி.ம்மா. இது வேற. 1985 போதைப்பொருள் சட்டத்துல பூவும் பிசினும்தான் கஞ்சா, வெறும் இலை சேராது. டாக்டர் சீட்டு இருந்தா ஆயுர்வேத மருந்தாவே வாங்கலாம்."

"சீட்டு எங்கே?"

பி.காம். படித்தவனிடம் வவுச்சர் கேட்டால்? விழித்தேன்.

அதற்குள் அப்பா, "முட்டி வலிக்குதுடா, எனக்கும் ரெண்டு சொட்டு" என்று வாயைத் திறந்துவிட்டார். சொட்டப் போனேன். அம்மா கையைப் பிடித்தாள். "வால்வு மாத்தின மனுஷன். டாக்டரைக் கேளு."

போனில் டாக்டர் பதறினார். "வார்ஃபரின் சாப்பிடறவருக்கா? கல்லீரல் அந்த மாத்திரையைக் கரைக்கிறதை இது தடுக்கும். மருந்து ரத்தத்துல ஏறிடும். ரத்தக்கசிவு வரலாம்!"

இதே சி.பி.டி.யைத்தான் அமெரிக்காவில் 2018ல் அபூர்வ வலிப்பு நோய்களுக்கு மருந்தாக அங்கீகரித்தார்கள். மருந்து என்றால் அளவும் உண்டு, ஆபத்தும் உண்டு. எனக்குத்தான் அது ஏதோ வாசனைத் தைலம் மாதிரி தெரிந்திருக்கிறது.

பாட்டில் நண்பனுக்கே திரும்பியது. அன்று ராத்திரியும் எனக்குத் தூக்கமில்லை. அடுத்த அறையில் அப்பாவின் குறட்டை. அது அத்தனை இனிமையாக என்றைக்குமே கேட்டதில்லை சார்!