ஊரைக் காத்த எல்லைக் கரை

நெய்யாறு கடலில் கலக்கும் இடம் பூவார். அங்கிருந்து தெற்கே கரையோரமாகப் போனால் பொழியூர். நெய்யாற்றின்கரை தாலுகாவின் எல்லை ஊர் இது. அடுத்த ஊரான நீரோடி தமிழ்நாட்டில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆனால் இரு பக்கமும் பிழைப்பு கடல்தான்.

2017 நவம்பர் 30-ல் வீசிய ஒக்கி புயலும் எல்லை பார்க்கவில்லை. எச்சரிக்கைக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவேயில்லை.

ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் செங்கன்னூர் வட்டாரம் மூழ்கியபோது, பூவார், பொழியூர், விழிஞ்ஞம் மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கடலில் ஓடிய படகுகள் தெருக்களில் ஓடின. மதில்களில் இடித்துப் பல சேதமாயின. கேரளக் கடற்கரை முழுவதிலுமிருந்து வந்த சுமார் 4,500 மீனவர்கள் 65,000 பேருக்கு மேல் மீட்டதாக அரசுக் கணக்கு. படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. உயிரைக் காப்பாற்றக் கூலியா என்று மறுத்தவர்களும் உண்டு.

பொழியூரில் மழைக்காலம்தோறும் கடல் கரையை அரிக்கிறது. வீடிழந்த குடும்பங்கள் பல. அடுத்தவர் ஊரைக் காக்க ஓடியவர்கள், தங்கள் கரைக்குப் பாதுகாப்பு கேட்டுக் காத்திருக்கிறார்கள்.