அத்தைகள் போட்ட கையெழுத்து

அம்பத்தூர் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டலாம் என்று பேச்சு வந்ததும், பில்டரின் வக்கீல் மூலப்பத்திரம் கேட்டார். 1975-க்குப் பிந்தைய வில்லங்கத்தை இணையத்திலேயே பார்த்துவிடலாம். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு நகல் வாங்கினேன்.

தாத்தா 1966-இல் ஒரு கிரவுண்டு வாங்கிய கிரயப் பத்திரம் அது. சைக்கிள் கம்பெனியில் ஃபிட்டர். அவர் கொடுத்த விலை நாலே இலக்கம். நான்கெல்லையில் இரண்டு பக்கம் நஞ்சை, ஒரு பக்கம் வாய்க்கால். நான் எதிர்பார்க்காதது வில்லங்கத்தில் இருந்தது. 1985: உயில் எழுதாமல் போன தாத்தாவின் சொத்தில் தங்கள் பங்கை இரண்டு அத்தைகளும் 'பிரதிபலன் ஏதுமின்றி' அப்பாவுக்கு விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம்.

பெண்கள் பிறந்த வீட்டில் பங்கு கேட்பது நேற்று வந்த பழக்கம் என்பார்கள் எங்கள் உறவில். அப்படியானால் அத்தைகள் எதை விட்டுக்கொடுத்தார்கள்? சட்டத்தைப் புரட்டினேன். அப்பன் சுயமாகச் சம்பாதித்து, உயிலில்லாமல் விட்டுப்போனதில் மகளுக்கும் சமபங்கு உண்டென்று 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. ஆனால் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீடென்றால் ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் பாகம் கேட்க முடியாது என்றது. 2005 திருத்தத்தில்தான் அது நீங்கியது.

பெரிய அத்தையிடம் கேட்டேன். "சட்டமாவது ஒண்ணாவது. மழை பேஞ்சா செருப்பைக் கையில புடிச்சிக்கிட்டுதான் ஸ்டேஷனுக்கு நடப்போம். அந்த மனைக்கு எவடா சண்டை போடுவா? எனக்குச் சீர் செஞ்சான், பிரசவத்துக்குக் கூட்டிட்டு வந்தான். தம்பி கேட்டான், போட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "இன்னைக்குக் கேட்டா யோசிப்பேன்" என்றார்.

அத்தை சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மனை மலிவாக இருந்தவரை கூடப்பிறந்தவன் செய்யும் சீரே பங்குக்கு ஈடாகிவிட்டது. தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்கு நடுவே ஐ.டி. கட்டடங்கள் எழுந்தன, 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்றைய மனை விலைக்கு எந்தச் சீரும் எட்டாது.

அப்பா போனபின் அம்மா, நான், தங்கை மூவருக்கும் பங்கு. தங்கையிடம் விடுதலை கேட்க எனக்கு வாய் வரவில்லை. விலைகொடுத்து வாங்கவும் வழியில்லை. என் சம்பளத்துக்கு வங்கி தரும் கடன் அவள் பங்கில் பாதிக்குக்கூட வராது. அவள் நிலையும் அதேதான். எங்கள் தெருவில் தனிவீடுகள் இடிபடுவதற்கு வசதி பெருகியதுதான் காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒருவர் பங்கை இன்னொருவர் வாங்க முடியாமல் போகும்போதும் பில்டர் வருகிறார்.

இனி கிரவுண்டு கிடையாது, பிரிபடாத பாகம்தான். எனக்கொரு ஃபிளாட், தங்கைக்கொரு ஃபிளாட். பூந்தமல்லியில் வாடகைக்கு இருந்தவள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே தயங்கிய அம்மாவும் சம்பந்தியம்மாவும் இனி ஒரே லிஃப்டில் ஏறி இறங்க வேண்டும். மெயின்டனன்ஸ் பணத்தை யார் வசூல் பண்ணுவது என்று அம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.