சில்லறைச் செலவு

உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் 'சில்லறைச் செலவு' என்று ஒரு வரி இருக்கிறதா? கட்டாயம் இருக்கும். பால், மளிகை, கரண்ட் என்று எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்து, அது கையிலிருக்கும் பணத்தோடு ஒத்துப்போகாதபோது, பழியைச் சுமக்க ஓர் அப்பாவி வேண்டுமல்லவா? அந்த அப்பாவிதான் சில்லறைச் செலவு.

என் நோட்டில் அதற்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. நான் பழைய நாணயம் சேர்ப்பவள். நாணயம் வாங்கிய பணத்தையெல்லாம் 'சில்லறைச் செலவு' என்றே எழுதி வந்தேன். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. சில்லறைதானே வாங்கினேன்!

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குப் பத்திரிகைத் தொழில்தான் காரணம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைப் பற்றி எழுதி வரும்படி ஆசிரியர் அனுப்பினார். கட்டுரை ஒரு பக்கம் வந்தது. பைத்தியம் ஏழு வருஷமாக இருக்கிறது.

முதலில் சேர்த்தேன். பிறகு உபரியை விற்றேன். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உங்கள் பர்ஸிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, வருஷத்துக்குக் கீழே பாருங்கள். சின்ன வைரம் இருந்தால் மும்பையில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. ஒரே வருஷத்தில் நாலு ஊர் நாணயமும் வேண்டும் என்று தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். கறிகாய்க்காரியிடம் மீதி வாங்கும்போது நான் மட்டும் கண்ணை இடுக்கிக் கொண்டு நிற்பேன். "என்னாம்மா, செல்லாத காசா குடுத்துட்டேன்?" என்று அவள் கோபித்துக் கொள்வாள். இப்போது அவளும் போனில் பணம் வாங்குகிறாள். எனக்கு அந்த வரும்படி போயிற்று.

சென்ற வருஷம் மார்ச் கடைசியில், அந்த வருஷத்து விற்பனையைக் கூட்டிப் பார்த்தேன். 11,400 ரூபாய்! என் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? ஜூன் மாதம் பையனுக்குக் கட்ட வேண்டிய 18,000 ரூபாயில், "நீங்கள் பன்னிரண்டு எடுத்து வையுங்கள், ஆறு என் நாணயம் கொடுக்கும்" என்று வாக்குக் கொடுத்தேன். அவரும் அப்படியே பட்ஜெட் போட்டுவிட்டார்.

ஏப்ரல் போயிற்று. மே போயிற்று. கோடை விடுமுறையில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நாணயம் வாங்க ஆளில்லை. என் கையில் இருந்தது 700 ரூபாய்.

அப்போதுதான் அத்தை, அதாவது என் மாமியார், மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு கணக்கு நோட்டைக் கேட்டார். என் பழைய ரசீதுகளையும் கேட்டார். ஒரு மத்தியானம் முழுக்கக் கூட்டினார். நாணயம் வாங்கியது 13,200. ஆல்பம், லென்ஸ் வகையறா 1,750. கண்காட்சிகளுக்குப் போய்வந்த ஆட்டோ, பஸ் 1,350. ஆக 16,300.

"ஏம்மா, பதினாறாயிரத்து முந்நூறு போட்டு, பதினோராயிரத்து நானூறு எடுத்திருக்கே. இதுக்குப் பேரு வருமானமா?"

"சரக்கு கையில் இருக்கிறதே, அத்தை!" என்றேன்.

"மளிகைக்கடைக்காரர் அதை வாங்கிப்பாரா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. சகோதரிகளே, உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

குத்திக் காட்டியதோடு அவர் நிற்கவில்லை. இரவு தம் வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே அவருடைய அம்மா கொடுத்த வெள்ளி ரூபாய்கள் ஒன்பது, கருகருவென்று இருந்தன. "காலையிலே எடுத்துக்கிட்டுப் போ. குழந்தை பீஸுக்கு ஆகட்டும்" என்றார்.

மறுநாள் காலையில் எழுந்து வந்தேன். கூடத்து மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணியில் ஒன்பது ரூபாய்களும் நேற்று அடித்தவை போல மின்னின! அத்தை நாலு மணிக்கே எழுந்து, பல்பொடியும் பழைய பிரஷ்ஷுமாக உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். "அழுக்கோட கொண்டு போனா எவன் விலை குடுப்பான்? பாரு, எப்படி இருக்கு!"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாணயம் சேர்ப்பவர்கள் கற்றுக் கொள்ளும் முதல் பாடம், எதையும் தேய்க்காதே என்பதுதான். வெள்ளியின்மேல் படிந்த கறுப்பு அழுக்கல்ல, அதன் வயசு. ஏழு வருஷத்தில் இதை நான் வீட்டில் ஒரு தடவையாவது சொல்லியிருந்தால்! எப்படிச் சொல்வேன்? வீட்டைப் பொறுத்தவரை நான் வாங்கியது நாணயம் இல்லையே, சில்லறைச் செலவுதானே.

"பிரமாதம், அத்தை" என்று சொல்லிவிட்டுப் பாரிமுனைக்கு பஸ் ஏறினேன்.

எனக்குத் தெரிந்த கிழவர் ஒருவர் அங்கே நாணய வியாபாரம் செய்கிறார். ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்தார். மூன்று ரூபாய்களைத் தனியே தள்ளி வைத்தார். யுத்தம் நடந்த 1940-ல் சர்க்கார் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. அந்த மூன்றும் அதற்குப் பிந்தியவை. மற்ற ஆறும் பழைய ரூபாய்கள். எடை 11.66 கிராம், நூற்றுக்குக் கிட்டத்தட்ட 92 பங்கு வெள்ளி. (1947-ல் அந்தப் பாதியும் போய், ரூபாய் வெறும் நிக்கல் ஆயிற்று.)

ஆறில் ஒன்றைப் பார்த்ததும் கிழவரின் கை நின்றுவிட்டது. "அம்மா, இது பன்றி ரூபாய்!"

1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டு அடித்த ரூபாயில், ராஜாவின் அங்கிமேல் ஒரு யானைச் சின்னம் இருக்கிறது. துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் அது பார்ப்பதற்குச் சாட்சாத் பன்றி. ஜனங்கள் ஆட்சேபித்தார்கள். அடித்ததில் பெரும்பகுதியை சர்க்கார் உருக்கிவிட்டது. 1912-ல் யானைக்குச் சரியான துதிக்கை வந்தது. அதனால்தான் 1911-க்கு மவுசு.

"யார் தேய்த்தது?" என்று கேட்டார். லென்ஸை என்னிடம் கொடுத்தார். ராஜாவின் கன்னத்தில் முடி முடியாகக் கீறல்கள். "கறுப்போடு வந்திருந்தால் விலை வேறு. இப்போது வெள்ளி விலைக்குமேல் கொடுக்க எனக்கு மனசு இல்லை அம்மா."

நான் விற்கவில்லை. நேரே ஆபீஸுக்குப் போய், சம்பளத்தில் 6,000 ரூபாய் முன்பணத்துக்கு எழுதிக் கொடுத்தேன். மாதம் இரண்டாயிரமாக மூன்று மாதம் பிடித்துக் கொண்டார்கள். அந்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் ஹோட்டல் பேச்சு இல்லை; தீபாவளிக்கு என்று எடுத்து வைக்கும் பணமும் இல்லை.

"என்ன சொன்னான்?" என்று அத்தை கேட்டபோது, "இப்போது விலை சரியில்லையாம்" என்றேன். அதுவும் ஒரு சில்லறைச் செலவுதான். மூன்று நாள் தாங்கினேன். நாலாம் நாள் கீரை ஆய்ந்து கொண்டிருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

வெகு நேரம் அவர் பேசவில்லை. கீரையை ஆய்ந்து முடித்து, தண்டைத் தனியே வைத்துவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அதில் கோபம் இருந்தால் தேவலை என்று தோன்றியது. பிறகு, "அந்தப் பன்னியைக் காட்டு" என்றார்.

லென்ஸைப் பிடித்து ஜன்னலோரம் நின்று பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டார். "எங்கம்மா இதைப் பூஜையிலே வச்சு, வெள்ளிக்கிழமை தவறாம குங்குமம் வச்சாங்களே! போ, போ. இது யானைதான்."

இப்போது நாணயத்துக்குத் தனி நோட்டு. வீட்டுப் பணத்திலிருந்து அதற்குக் காலணா கிடையாது. விற்று வந்த பணத்தில்தான் வாங்க வேண்டும்; லாபத்தில் பாதி வீட்டுக்கு. ஆட்டோவும் அதில்தான் எழுத வேண்டும் என்பது அத்தையின் திருத்தம். அதற்குப் பிறகு நான் பஸ்ஸில்தான் போகிறேன்.

வியாபார யோசனையும் அவர் சொன்னதுதான். அறுபதாம் கல்யாணத் தம்பதிக்கு, அவர்கள் பிறந்த வருஷத்து நாணயங்களை ஓர் அட்டையில் பதித்துக் கொடுக்கிறேன். சதுர ஐந்து பைசா, அறுகோண மூன்று பைசா, இதழ் இதழாக விளிம்புள்ள பத்து பைசா. வருகிறவர்களுக்கு அதைப் பார்த்ததும் கடலை மிட்டாய் ஞாபகம் வந்துவிடுகிறது. 1957-ல் வந்த 'நயா பைசா'வின் 'நயா' 1964-ல்தான் உதிர்ந்தது என்று நான் சொன்னால், கல்யாணப் பெரியவர், "எனக்குத் தெரியாதா?" என்கிறார்.

எட்டு மாதத்தில் விற்றது 7,250. செலவு 3,900. வீட்டுக்குச் சேர்ந்தது 1,675 ரூபாய். லட்சங்கள் இல்லை. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருகிறேன் என்று போனில் கூப்பிடுகிறவர்களை நம்பாதீர்கள். ரிசர்வ் பாங்க் பெயரைச் சொல்லியும் கமிஷன் கேட்கிறார்கள். தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அந்த பாங்க்கே 2021-ல் அறிவித்திருக்கிறது. எங்கள் மாடியில் ஒரு மாமி, 'பதிவுக் கட்டணம்' என்று 1,500 ரூபாய் அனுப்பிவிட்டு இன்னும் காத்திருக்கிறார்.

புது நோட்டின் முதல் பக்கத்தை மட்டும் நான் எழுதவில்லை. அத்தையின் குண்டு குண்டான கையெழுத்து: 'கையிருப்பு, வெள்ளி ரூபாய் 9. இதில் ஒன்று யானை. விற்பனைக்கு இல்லை.'