குதிரை இல்லாத திராவிடர்கள்

டோம்லூரில் ஓர் அறை; ஒரு கம்ப்யூட்டர். ஆடுபவர்கள் ஒரு மதுரைக்காரர், ஒரு மைசூர்க்காரர்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' போர் விளையாட்டில் 2013இல் இந்தியர் எல்லோரும் ஒரே படை. 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' அதை நான்காக்கியது. தெற்கே மட்டும் எல்லோரும் 'திராவிடர்'. வீரர்கள் பேசுவது தமிழ். ராஜேந்திர சோழன் கதை வேறு. மதுரைக்காரருக்குப் புல்லரிப்பு.

"எங்க ஹொய்சளரும் தமிழ்தான் பேசணுமா, குரு?"

"இங்கே சொக்கநாதர் கோயில்லயே தமிழ்க் கல்வெட்டு இருக்கே!"

மைசூர்க்காரரின் கேள்வியே நியாயம். 1116 வாக்கில் தலைக்காட்டிலிருந்து சோழரை விரட்டியவர் விஷ்ணுவர்த்தனன். ஆட்டத்தில் இருவரும் ஒரே கட்சி!

ஒரு குறையில் மட்டும் ஒற்றுமை: திராவிடர்களுக்கு வலுவான குதிரைப்படை கிடையாது. அரபு வணிகர்களிடமும் போர்த்துக்கீசியரிடமும் குதிரை வாங்கிக் குவித்தது விஜயநகரம்.

மைசூர்க்காரர் இப்போது கூர்ஜரர் பக்கம். அங்கே குதிரையாவது கிடைக்கிறது.