பேராலயத்தில் ஒரு மாலை

எமக்குப் பத்து வயதாயிருந்தபோது, 1988 ஆம் ஆண்டில், எம் தமக்கையாரின் திருமணம் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் தேவாலயத்தில் நடைபெற்றது. மணமகன் கிறிஸ்தவர். எம் தந்தையாரோ சைவ ஆசாரத்தில் ஊறியவர். மகளின் விருப்பத்தை அவர் தடுக்கவுமில்லை. தேவாலயத்தின் படியை மிதிக்கவுமில்லை. வெளிவாயிலுக்கு அப்பால் நின்ற பூவரசின் கீழே எம் கையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். உள்ளே போவதில்லையோ என்று கேட்டோம்.

“மூலத்தானம் இல்லாத இடத்திலை ஆரைப் பாத்துக் கும்பிடுறது?” என்றார்.

அக்கேள்வி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எம்முடன் இருந்தது. 2019 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில், இங்கிலாந்தில் வாழும் தமக்கையார் எம்மைச் சாலிஸ்பரிப் பேராலயத்துக்கு அழைத்துச் சென்றார்.

பேராலயம் என்றதும் நாம் பருமனையே எண்ணுகிறோம். உண்மையில் அப்பெயரைத் தருவது ஓர் ஆசனம். ‘கதீட்ரா’ என்பது இருக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஆயரின் ஆசனம் எங்குள்ளதோ அதுவே கதீட்ரல். கட்டடம் சிறிதாயினும் இழுக்கில்லை. சாலிஸ்பரிக்கு ஆசனமும் உண்டு, பருமனும் உண்டு. 1220 இல் அத்திவாரமிட்டு, 1258 அளவில் அதன் பெரும்பகுதியைக் கட்டி முடித்துவிட்டனர்.

மேற்கு முனையில் நின்று நெடுங்கூடத்தை நோக்கினோம். எம் கோவில்களில் மூலவர் பெரும்பாலும் கிழக்கு நோக்கியிருப்பார். அடியவர் மேற்கு நோக்கி நின்று அவரது திருமுகத்தைக் காண்பர். இங்கே மக்கள் யாவரும் கிழக்கு நோக்கி அமர்கின்றனர். உதிக்கும் ஞாயிற்றை உயிர்த்தெழுந்த இயேசுவின் அடையாளமாகக் கொண்டதனால் வந்த வழக்கு இது. அந்நெடுங்கூடத்துக்கு அவர்கள் இட்ட பெயர், கப்பலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரே கப்பலில் ஏறியவர்கள் ஒரே திசையைத்தானே பார்ப்பார்கள்!

கருவறையைத் தலையாகவும் கோபுரத்தைப் பாதமாகவும் கொண்டு, கோவிலை ஓர் உடலென எம் முன்னோர் கண்டனர். சிலுவை வடிவில் அமைந்த ஆலயத்தையும் கைவிரித்த ஓர் உடலாகவே கிறிஸ்தவர் காண்கின்றனர். ஆனால் உள்ளே சென்றதும் வழிகள் பிரிகின்றன. எம் கோவிலில் உட்செல்லச் செல்ல இடம் ஒடுங்கும், இருள் மிகும், ஈற்றில் ஒரு விளக்கு. அது இறைவன் உறையும் வீடு. அடியவர் ஒருவருமே வராத நாளிலும் காலப்பூசை நடக்கும். தேவாலயமோ சபை கூடுவதற்கென எழுந்தது. திருச்சபை என்ற எம்நாட்டுக் கிறிஸ்தவர்களின் சொல்லிலேயே அது விளங்குகிறது. பலர் கூட அகலம் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். கூர்மாடவளைவுகள் கூரையின் பாரத்தைத் தூண்களுக்கு இறக்க, வெளியே நிற்கும் உதைசுவர்கள் தாங்க, நடுச்சுவர் சுமை குறைந்து சாளரமாகிவிடுகிறது.

அச்சபையிலும் யாவரும் ஒன்றாயிருந்தனர் என்று எண்ணிவிடலாகாது. மத்திய காலத்தில் குருமாரின் பகுதியை ஒரு தடுப்பு மறைத்து நின்றது. பொதுமக்கள் இப்பாலிருந்தே வழிபட்டனர். யார் எந்த எல்லைவரை வரலாம் என்னும் கணக்கு எம் கோவில்களுக்கு மட்டும் உரியதன்று போலும்.

சிலுவையின் நடுவிடத்துக்கு வந்ததும் தமக்கையார் ஒரு தூணைத் தொட்டுக் காட்டினார். கல் வளைந்திருந்தது. 14 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலில் எண்ணியிராத கோபுரத்தையும் கூர்முடியையும் இத்தூண்களின்மேல் ஏற்றினார்களாம். அத்திவாரத்தின் ஆழமோ நான்கடி அளவே. ஏறத்தாழ 6,500 தொன் பாரம்; நிலத்திலிருந்து 123 மீற்றர் உயரம். தூண்கள் வளைந்தன, முடி சரிந்தது. 1668 இல் கிறிஸ்தோபர் ரென் வந்து அச்சரிவை அளந்தார். வளைவுகளைச் செருகியும் இரும்புக் கட்டுகள் இட்டும் காத்துவந்திருக்கிறார்கள். கண்ணாலேயே காணக்கூடிய அவ்வளைவின் கீழே நிற்கச் சற்றே அச்சமாயிருந்தது என்பதை ஒளிப்பானேன்?

மாலை ஆராதனைக்கு நேரமாயிற்று. பணியாளர் ஒருவர் எம்மையும் அமருமாறு சைகை காட்டினார். வாங்கில் அமர்ந்தபின் தமக்கையார் மெல்லிய குரலிற் சொன்னார்: “அண்டைக்கு முன்வரிசையிலை அப்பாவுக்கெண்டு ஒரு கதிரை விட்டு வைச்சவை, தம்பி. கலியாணம் முடியுமட்டும் அதிலை ஒருத்தரும் இருக்கேல்லை. திரும்பித் திரும்பிப் பாத்தனான்.”

கூடுவதற்கென்றே கட்டிய மண்டபத்தில் வெறுமையாயிருக்கும் ஓர் ஆசனம் எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பதை அக்கணமே உணர்ந்தோம். அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் சென்றுவிட்டன. சிறுவயதிற் கண்டும் எவருக்கும் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னோம். உள்ளே பாட்டுத் தொடங்கியதும் அப்பா எம் கையை விட்டு, செருப்பிரண்டையும் கழற்றி மரத்தடியில் வைத்தார். பாட்டு முடியும்வரை சுடுமணலில் வெறுங்காலுடனேயே நின்றார்.

தமக்கையார் எம்மைப் பார்க்கவில்லை. பாடகர் வரிசையாக உள்ளே வந்தனர், எல்லோரும் எழுந்தனர். நாமும் எழுந்து கிழக்கு நோக்கி நின்றோம்.